மின்கத்திரியும் மூன்றாவது உபசாரமும்

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. ஏரியின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்; ஏரி உறைந்திருந்தாலும் சரி, உருகியிருந்தாலும் சரி. அப்படியும் நம்பாதவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். ஹால்வரின் வீடு இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அந்த வீட்டின் வடக்குச் சுவரால்தான் வந்தது வினை. ஐந்து கோடைகளுக்கு முன் ஹால்வர் அதிலிருந்த பழைய பலகைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஃபைபர் சிமென்ட் பலகை அடிக்கப்போவதாகச் சொல்லி ஒரு லாரி நிறையச் சாமான் வாங்கி இறக்கினார். இறக்கிய கையோடு முதுகு பிடித்துக்கொண்டது. சாமானெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் போயிற்று. சுவர் ஈரம் தடுக்கிற வெள்ளைக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட ஆள் மாதிரி நின்றது.

இப்போது அந்தச் சுவருக்கு முன்னால், தோட்டத்தில், சனிக்கிழமை மகள் சிக்ரிடுக்குக் கல்யாணம்.

"சுவர் இப்படியே இருந்தா கல்யாணம் ஓரின் வீட்டுத் தோட்டத்துல," என்றாள் ஹால்வரின் மனைவி வெர்னா, திங்கட்கிழமை காலை காப்பியை ஊற்றிக்கொண்டே. "கிளாடிஸ்கிட்ட பேசிட்டேன்."

ஓரின் பக்கத்து வீட்டுக்காரர். கிளாடிஸ் அவர் மனைவி. அவர்கள் வீட்டுச் சுவரிலும் அதே சிமென்ட் பலகைதான். அதுவும் ஐந்து கோடைகளுக்கு முன்னால்தான் அடித்தது. ஓரின் ஒரு மின்கத்திரியை வைத்துக்கொண்டு தூசி தும்பு இல்லாமல் ஒவ்வொரு பலகையாக நறுக்கியதை, முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தபடி வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் சாய்ந்து பார்த்து வயிறெரிந்தவர் ஹால்வர்.

"பொண்ணப் பெத்தது நான்," என்றார் ஹால்வர். "ஊரே வந்து சாப்பிட்டுட்டு ஓரினுக்கு நன்றி சொல்லிட்டுப் போகணுமா?"

"அப்ப சுவர முடிங்க."

தார்ப்பாயை அவர் இழுத்த சத்தம் அடங்குவதற்குள் ஓரின் வந்து நின்றார். கையில் பழைய துண்டில் சுற்றிய மூட்டை, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல.

"மின்கத்திரி," என்றார். "உனக்கு இப்ப தேவைப்படும்ல? வச்சுட்டுப் போறேன்."

"சேச்சே, எனக்கெதுக்குப்பா?" என்றார் ஹால்வர். "நீ வச்சுக்க."

மறுநாள் காலையும் ஓரின் மூட்டையோடு வந்தார். உள்ளே ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். ஹால்வர் மறுபடியும் வேண்டாம் என்றார். ஓரின் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, நீ சொன்னா சரிதான்," என்று சொல்லிவிட்டு மூட்டையோடு வீட்டுக்கு நடந்தார்.

ஹால்வர் வாயைத் திறந்தபடி நின்றார்.

எங்கள் மினசோட்டாவில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவர் ஒன்றைத் தருகிறேன் என்றால் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை வேண்டாம் என்பது வளர்ப்பு. மூன்றாம் தடவை, 'உங்களுக்குச் சிரமமில்லன்னா' என்று இழுத்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவையே கையை நீட்டிய ஒரு சிகாகோக்காரனைப் பற்றி இன்றைக்கும் மாதாகோயில் வாசலில் பேசிக்கொள்கிறோம்.

"ரெண்டே தடவை," என்று ஹால்வர் சமையலறையில் குதித்தார். "நாய்க்கு எலும்பு போடறவன்கூட மூணு தடவை கூப்பிடுவான், வெர்னா. நான் நாயைவிடக் கேவலமா?"

"போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்களேன்."

வாயால் கேட்பதா? அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சு அதுவரை எழுந்ததில்லை. ஹால்வர் வெளியே போனார்.

ஓரினுக்கு மூன்றாவது வாய்ப்பைத் தரவேண்டியது தன் கடமை என்று அவருக்குத் தோன்றியது. அதனால் வேலி ஓரமாகப் பலகையைப் போட்டுக்கொண்டு, ஒரு கத்தியால் கீறி, முழங்காலில் வைத்து உடைத்தார். பலகை கீறிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் உடைந்தது. ஒவ்வொன்று உடையும்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி பெருமூச்சு விட்டார்.

ஓரின் தலையை நீட்டினார். "வேலை நல்லா நடக்குதா?"

"நடக்குது, நடக்குது."

"சந்தோஷம்," என்று ஓரின் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஹால்வர் இரும்புக்கடைக்குப் போனார். கல்லாவில் டுவேன். அவர் தலை நரைத்ததே அந்தக் கல்லாவில்தான். சிமென்ட் பலகைக்கு வைரப் பல் வைத்த வட்ட ரம்பம் உண்டு, ஆனால் தூசி நெஞ்சுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம் என்றார். ஜிக்ஸா ரம்பம் வளைவு நெளிவுக்குத்தான் லாயக்கு என்றார். நீள வேலைக்கு மின்கத்திரியை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, கேக் வெட்டுவதுபோல வெட்டும், ஆனால் வரவழைக்க அடுத்த வாரமாகும் என்றார்.

"இந்த ஊருல ஒண்ணே ஒண்ணுதான் வித்திருக்கோம், சார். அஞ்சு வருஷம் இருக்கும்."

"தெரியும்," என்று ஹால்வர் பல்லைக் கடித்தார். "அது எங்க இருக்குன்னும் எனக்குத் தெரியும்."

டுவேன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாடிக்கையாளரிடம் மேற்கொண்டு துருவுவது எங்கள் பக்கம் அநாகரிகம் என்பதால், "அப்ப சரி சார்," என்று சொல்லி ஹால்வர் எடுத்து நீட்டிய ஜிக்ஸா பிளேடுக் கட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அவசரத்தில் ஹால்வர் வாங்கி வந்தது மரத்துக்கான பிளேடு. முதல் பலகையின் பாதியில் அது பல்லெல்லாம் கொட்டிப் பொக்கையாயிற்று. அடுத்தது புகைந்தது. அதற்கடுத்தது தெறித்துப் போய்ப் பலகைகளை மூடியிருந்த தார்ப்பாயைக் கிழித்தது. அன்று பெய்த மழை அந்தக் கிழிசலைத் தேடிக் கண்டுபிடித்து, மிச்சமிருந்த பலகைகளில் ஒரு வரிசையை நனைத்தது. ஈரப் பலகையைச் சுவரில் அடிக்கக் கூடாது. அந்தக் குற்றத்தையும் ஹால்வர் ஓரின் கணக்கில்தான் எழுதினார்.

வியாழக்கிழமை அவர் டைல்ஸ் வெட்டுகிற கட்டிங் மெஷினை எடுத்தார். முகமூடியைக் கட்டிக்கொண்டார். காற்று ஓரின் வீட்டுப் பக்கம் அடித்தது. அதை அவர் கவனிக்கவில்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

வெட்டு என்னவோ நேராகத்தான் வந்தது. ஆனால் தூசி எழும்பியது பாருங்கள், ஜூன் மாதம் தெருவே மார்கழிபோல வெளுத்துவிட்டது. தபால்காரர் திரும்பிப் போய்ப் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு வந்தார். மூலைவீட்டுக்காரர் பனி தள்ளும் வண்டியைக் கிளப்பிவிட்டார். ஏரியில் இருந்த வாத்துகள் குளிர்காலம் வந்துவிட்டதென்று தெற்கே புறப்பட்டு, அயோவா வரை போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தன.

தூசி அடங்கியபோது ஓரினின் கறுப்புக் கார் வெள்ளையாக நின்றது. கல்யாணம் முடிந்து பெண் புறப்பட்டுப் போவதற்கென்று ஓரின் ஒரு வாரமாக மெழுகு போட்டுத் தேய்த்த கார் அது.

ஹால்வருக்கு முதன்முறையாகக் கொஞ்சம் வெட்கம் வந்தது. யாரும் பார்ப்பதற்குள் கழுவிவிடலாம் என்று குழாயை எடுத்துப் பீய்ச்சினார். சிமென்டும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பதற்றத்தில் மறந்துவிட்டார். வெயில் ஏறியது. கார் இறுகிவிட்டது. கதவு எது, ஜன்னல் எது என்று தெரியவில்லை. உளியும் சுத்தியலுமாக நாலு தட்டுத் தட்டியதில் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று கையோடு வந்தது.

அப்போதுதான் ஓரின் வெளியே வந்தார். காரைச் சுற்றி மெதுவாக நடந்தார். ஹால்வர் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"வித்தியாசமா இருக்கு," என்றார்.

எங்கள் ஊரில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. முப்பது வருஷ சிநேகிதம் அந்த ஒரு சொல்லில் தொங்கியது. ஹால்வருக்கு வெட்கம் போய்க் கோபம் திரும்ப வந்தது. வீட்டுக்குள் வந்து வெர்னாவிடம் சொன்னார்: "மூணாவது தடவை மட்டும் கேட்டிருந்தா, அவன் கார் இன்னிக்குக் கறுப்பா இருந்திருக்கும். எல்லாம் அவன் தேடிக்கிட்டது."

வெர்னா ஃபோனை எடுத்தாள். நாற்காலிகளை எந்தத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது என்று ஆட்கள் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க," என்றாள் அவர்களிடம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை சுவர் காகிதத்தோடுதான் நின்றது. உலர்ந்த பலகைகள் சரியாக ஒரு சுவருக்குத்தான் மிச்சம். ஒன்று உடைந்தாலும் கதை முடிந்தது. கட்டிங் மெஷினைத் தொட்டால் வீட்டைவிட்டுப் போவதாக சிக்ரிட் சொல்லியிருந்தாள். ஹால்வர் படிக்கட்டில் உட்கார்ந்து வேலியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

வேலிக் கதவு திறந்தது. கிளாடிஸ் வந்தாள். ஒரு கையில் கல்யாண வீட்டுக்கென்று ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட பணியாரத் தட்டு. இன்னொரு கையில் பழைய துண்டில் சுற்றிய மூட்டை.

"ஹால்வர், இந்த மின்கத்திரிய தயவுசெஞ்சு வாங்கிக்குங்க," என்றாள்.

மூன்றாவது தடவை. ஹால்வர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். நியாயம் கடைசியில் ஜெயித்துவிட்டது. வேலி தாண்டித் தானாகவே வந்துவிட்டது. பெருந்தன்மையோடு கையை நீட்டினார்.

"உங்களுக்குச் சிரமமில்லன்னா," என்றார். "ராத்திரிக்குள்ள திருப்பிக் குடுத்துடறேன்."

"எங்களுக்கு எதுக்குத் திருப்பித் தரணும்?" என்றாள் கிளாடிஸ். "இது உங்களோடதுதானே? பலகையோட நீங்க வாங்கினது. உங்களுக்கு முதுகு பிடிச்சப்போ இவரு இரவல் வாங்கிட்டு வந்தாரு. அதைத் திருப்பிக் குடுக்க ரெண்டு தடவை வந்தா, வேணாம், நீயே வச்சுக்கன்னு வெரட்டிட்டீங்களாமே. பழைய இரவலுக்கு இவ்வளவு கோவமான்னு அவரு மூணு நாளா சாப்பிடல."

ஹால்வர் நீட்டிய கையை மடக்கவில்லை.

சுவர் அன்று சாயங்காலமே முடிந்தது. ஓரின் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, ஹால்வர் தலை நிமிராமல் வெட்டினார். கல்யாணம் அந்தச் சுவருக்கு முன்னால்தான் நடந்தது. முடிந்ததும் சிக்ரிட் நடந்தே போனாள். பலகையில் இன்றுவரை ஒரு பிசிறு கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து தடவிப் பார்க்கலாம். அடையாளம் சொல்கிறேன்: தெருவிலேயே ஹால்வர் வீடு ஒன்றுதான் முழுக்கச் செங்கல்லால் கட்டியது, பேருக்குக்கூட ஒரு பலகை கிடையாது.