மூட்டு வள்ளலின் சக்கர நாற்காலிகள்

அது ஒரு பழைய சைக்கிள் கிடங்கு. ஒரு காலத்தில் எலிகூட எட்டிப் பார்க்காது. இப்போது விடிந்தால் போதும், தெருமுனை வரை வரிசை. கையில் தடி, முட்டியில் சுற்றிய துணி, முகத்தில் அப்பிய பக்தி. உள்ளே மூட்டு வள்ளல் எழுந்தருளியிருந்தார். அவர் தொட்டால் முட்டிவலி ஓடிவிடுமாம். எங்கே ஓடும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம், முக்கியமாக உடற்பயிற்சி வேண்டவே வேண்டாம். சக்திக் கல் ஒன்றை முட்டிக்கு மேலே கட்டிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தால் போதும். கல்லுக்கு விலை கிடையாது, இஷ்டப்பட்டதைப் போடலாம். குறைவாக இஷ்டப்பட்டால் பக்கத்தில் நிற்கும் தொண்டர் முறைப்பார், அவ்வளவுதான்.

இந்த ஜோதியில்தான் நம்ம பஸ் டிரைவரும் போய்க் கலந்தார்.

தேய்ந்துபோன வலது முட்டியை எடுத்துவிட்டு டாக்டர்கள் புதிது வைத்திருந்தார்கள். ஆபரேஷனில் குறை ஒன்றும் இல்லை. தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது, பிசியோ மேடம் உருவத்தில். கட்டிலில் படுக்கவைத்து, "குதிகாலை இழுங்க... இன்னும்... மடக்குங்க" என்பாள். ஒரு ஹார்ன் அடியில் லாரிகளை ஒதுங்கவைத்த மனிதர் அங்கே அம்மாவைக் கூப்பிட்டு அழுவார்.

"வலிக்கத்தான் செய்யும் சார். இப்ப மடக்கலைன்னா உள்ளுக்குள்ள இறுகிடும். அப்புறம் பிரேக்கை எப்படி மிதிப்பீங்க?"

"மிதிக்கிறேன் மேடம், முதல்ல உங்க கையை எடுங்க!"

அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். செல்போனில் வருவதெல்லாம் வேதம் என்று நினைப்பவன்.

"எதுக்கு மாமா இந்தச் சித்திரவதை? புது மூட்டு பச்சைக்குழந்தை மாதிரின்னு வள்ளல் சொல்றாரு. பச்சைக்குழந்தையை யாராவது இப்படிப் போட்டு முறுக்குவாங்களா?"

டிரைவருக்கு அது ஞானோபதேசமாகப் பட்டது. படாமல் என்ன செய்யும்? மடக்கு என்றவள் எதிரி, படுத்துக்கோ என்றவன் தெய்வம்!

மாமனும் மைத்துனனும் பஸ் பிடித்துப் போனார்கள். நிறுத்தத்தில் இறங்கி, தடியை ஊன்றிக் கிடங்கு வாசல் வரை நடந்தார் டிரைவர். வாசலில் ஒரு தொண்டர் பதறி ஓடிவந்தார்.

"ஐயா, நீங்க ஏன் சிரமப்படணும்? உட்காருங்க."

சக்கர நாற்காலி! என்ன உபசாரம்! டிரைவர் உட்கார்ந்தார். தடியைத் தொண்டர் வாங்கிக்கொண்டார். வண்டி நேராக மேடைக்குப் போனது. தரையைக் கூட்டும் வெள்ளை அங்கியில் வள்ளல் மிதந்து வந்து, முட்டியைத் தொட்டு, கண்ணை மூடி, "எழுந்திரு!" என்று ஒரு சத்தம் போட்டார்.

எழுந்தார். "நட!" நடந்தார். கூட்டம் கூரை அதிரக் கத்தியது. பலர் கண்ணைத் துடைத்தார்கள். டிரைவரும் துடைத்துக்கொண்டார். நடந்து வந்த மனிதர், நடந்துவிட்டேன் என்று அழுதார்!

மனைவி காய்கறிக்கடை வைத்திருப்பவள். கடையைச் சாத்திவிட்டு வந்து விசாரித்தாள்.

"பஸ்ஸை விட்டு எறங்கி எப்படிப் போனீங்க?"

"நடந்துதான்."

"அங்க போய் என்ன பண்ணினீங்க?"

"நடந்தேன்."

"இதுல என்னங்க அதிசயம்?"

"அது வேற நடை. உனக்குப் புரியாது."

அன்றோடு பயிற்சிக்கு முழுக்கு. கல்லைக் கட்டிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தார். "கல் வேலை செய்யுது" என்பார். செய்யத்தான் செய்தது. முட்டி கல்லாகிக்கொண்டு வந்தது.

விடுப்பு முடியும் சமயம், ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்று பஸ் பணிமனைக்குப் போனார். டிரைவர் படியில் வலது காலைத் தூக்கி வைக்கப் போனார். கால் மடங்கவில்லை. இடது காலை வைத்து ஏறி, கம்பியைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் கால் நுழையவில்லை. அவரோடு வருடக்கணக்காக ஓடிய கண்டக்டர், பார்க்காதவர் போலத் திரும்பிக்கொண்டார். டிரைவரை அதுதான் அறுத்தது.

பிசியோ மேடம் அளந்து பார்த்துவிட்டுத் திட்டக்கூட இல்லை. "மயக்கம் கொடுத்து, டாக்டர் கையாலேயே மடக்கிவிடணும். இன்னும் தள்ளிப்போட்டா அதுவும் பலிக்காது சார். அப்புறம் ஸ்டியரிங்கை மறந்துட வேண்டியதுதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "வேலை போயிடுமாடி?" என்றார். மனைவிக்கு வாய்வரை வந்த வசவு உள்ளே போய்விட்டது.

"நாளைக்கே ஆஸ்பத்திரியில சேருவோம். அதுக்கு முன்னாடி வாங்க, அந்த வள்ளலை ஒரு எட்டுப் பார்த்துட்டு வருவோம்" என்றாள். தம்பியையும் இழுத்துக்கொண்டு, கடையில் அவள் உட்காரும் முக்காலியையும் தூக்கிக்கொண்டாள்.

கிடங்கில் வள்ளலுக்கு அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "இதோ, என் கையால் குணமானவர்! மேடைக்கு வாருங்கள்!"

மனைவியும் தம்பியோடு கூடவே ஏறி, முக்காலியைப் போட்டாள். "குணமானவர் இதுல ஒரு தடவை ஒழுங்கா உட்கார்ந்து எந்திரிக்கட்டும் சாமி."

டிரைவர் குனிந்தார். வலது கால் துடுப்பு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டது. மைத்துனன் தாங்கியிராவிட்டால் விழுந்திருப்பார்.

"நம்பிக்கை குறைந்துவிட்டது" என்றார் வள்ளல்.

"அதுல குறையே இல்லை. நம்பித்தான் இந்தக் கதி" என்றாள் அவள். வரிசையாக நின்ற சக்கர நாற்காலிகளின் பக்கம் திரும்பினாள். "ஒரே ஒரு கேள்வி. வீட்டிலேர்ந்தே நாற்காலியில வந்தவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"நானும் நடந்துதான் வந்தேன்!" என்று டிரைவர் கத்தினார். "வாசல்லதான் உட்காரவெச்சாங்க!"

"நான் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன், சீட்டே கிடைக்கலை" என்றாள் முன் நாற்காலியில் இருந்த அம்மாள். சொல்லிவிட்டுத் தன் நாற்காலியையே முறைத்துப் பார்த்தாள். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு கிடங்கே சிரித்தது.

"பாவிகளே!" என்று வள்ளல் சபித்தபடி பின்வாசலுக்குத் திரும்பினார். அங்கி ஒரு சக்கரத்தில் மாட்டி, இடுப்பு வரை கிழிந்தது. உள்ளே அரைக்கால்சட்டை. அதற்குக் கீழே முட்டி. முட்டியில் கல்லைக் காணோம். மருந்துக்கடையில் விற்கிற எலாஸ்டிக் உறைதான் இருந்தது. உறைக்கு மேலும் கீழும் நீளமான ஆபரேஷன் தழும்பு எட்டிப் பார்த்தது.

"சாமி, நீங்க எந்த பிசியோகிட்ட?" என்றார் டிரைவர்.

வள்ளல் கிழிந்த அங்கியைச் சுருட்டிப் பிடித்தார். ஓடினார். நன்றாகவே ஓடினார். ஒழுங்காகப் பயிற்சி செய்த கால் அது!

டிரைவருக்கு மயக்கம் கொடுத்து முட்டியை மடக்கினார்கள். விழித்த பிறகு மறுபடி அதே கட்டில், அதே பிசியோ மேடம், அதே அலறல். இந்தத் தடவை கையை எடுக்கச் சொல்லவில்லை. பல மாதம் கழித்து, தாமதமாகத்தான், ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மைத்துனனோ அதற்குள், "மாமா, தோள்பட்டைக்கு ஒரு சாமியார்..." என்று ஆரம்பித்திருந்தான். அக்காள் முறைத்த முறைப்பில் மிச்சத்தை விழுங்கினான்.

மடக்காமல் விட்டால் முட்டி இறுகும். மூளையும் அப்படித்தான். முட்டியையாவது மயக்கம் கொடுத்து டாக்டர் மடக்கிவிடுவார். மூளையை, ஐயா, நீங்களேதான் மடக்கி நீட்டிக்கொள்ள வேண்டும், வலித்தாலும்!