துண்டு காயப்போட்ட குற்றம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு நான் பெரிய நன்றிக்கடன் பட்டவன். அவள் பக்கத்தில் நின்று மிரட்டி நான் இதைச் சொல்லவில்லை. அவள் உள்ளறையில்தான் இருக்கிறாள். கதவு மட்டும் திறந்திருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது காலஞ்சென்ற மாமனாரின் வீடு. இப்போது மனைவியின் பேரில் இருக்கிறது. மிகப் பழைய கட்டடம். முகப்பில் கல்வளைவு, மாடியில் இரும்புப் பூவேலை செய்த பால்கனி. வாசல் தூணில் அரசாங்கம் ஒரு பித்தளைத் தகடு பதித்து வைத்திருக்கிறது. இது பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம், சேதப்படுத்துவோருக்கு அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறது. கல்யாணமாகி இங்கே வந்த அன்றே அதைப் படித்தேன். யாரிடமிருந்து யாரைப் பாதுகாக்கிறார்கள் என்று அப்போதே விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை.

என் பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவன் நான். மனைவிக்கு நூலகத்தில் வேலை. புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பித் தருகிறவர்களிடம் அபராதம் வாங்குவது அவள் பொறுப்பு. சிரித்த முகத்தோடு வாங்குவாள். கட்டியவரும் தேங்க்ஸ் சொல்லிவிட்டுத்தான் போவார்.

புதிதில் ஒருநாள் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைப் பால்கனிக் கம்பியில் போட்டேன்.

"ஏங்க, அதை எடுங்க. முகப்புல துணி தொங்கினா பாரம்பரியச் சட்டப்படி அபராதம்."

"துண்டுக்கா?"

"சின்ன மீறல்தான். சின்ன அபராதம்தான். ஒவ்வொண்ணுக்கும் ஆபீசர் வந்து வாசல்ல நின்னா நமக்குத்தானே அசிங்கம்? நாமளே ஒத்துக்கிட்டு இந்த டப்பாவுல போட்டுடலாம். சேர்ந்ததும் நான் பார்த்துக்கறேன்."

அது ஒரு பிஸ்கட் டப்பா. மூடியில் காசு போகிற அளவுக்குக் கீறல் ஏற்கனவே வெட்டித் தயாராக இருந்தது. என்ன முன்யோசனை என்று நான் பூரித்துப்போனேன்.

அதன் பிறகு சட்டம் வளர்ந்துகொண்டே போனது. வாசற்படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தால் கல் கறுத்துவிடும், அபராதம். கதவை ஓங்கிச் சாத்தினால் அபராதம். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அதிர்வு ஆகாது என்பதால் குறட்டைக்கும் அபராதம். என் அண்ணன் ஒரு வாரம் தங்க வந்தபோது மாடித் தளம் எவ்வளவு எடை தாங்கும் என்பதைப் பற்றி ஒரு விதி வந்தது. உன் தம்பி வந்தபோது அந்த விதி எங்கே போனது என்று கேட்டேன். "அவன் ஒல்லி" என்றாள். உண்மையிலேயே அவன் ஒல்லிதான். வாயை மூடிக்கொண்டு பர்ஸைத் திறந்தேன்.

வருஷங்கள் இப்படியே ஓடின. போன மாதம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் வீட்டுத் தூணிலும் அதே பித்தளைத் தகடு. கம்பி முழுக்கப் போர்வையும் துண்டும் தலையணை உறையுமாகத் தொங்கின. எனக்கு மனசு பதைத்தது.

"சார், மாசம் உங்களுக்கு எவ்வளவு ஆகுது?"

"எது?"

"அபராதம்தான். இவ்வளவு துணி தொங்குதே."

"துணிக்கெல்லாம் யாரு சார் அபராதம் போடறாங்க?"

"சரி, படியில உக்காந்து சிகரெட் பிடிச்சா?"

"இருமல் வரும்."

"குறட்டைக்கு?"

தையல்காரர் கையிலிருந்த உறையை மெதுவாகக் கீழே வைத்தார். "சார், வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சட்டமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எல்லாம் இவள் கட்டிய கதை. இனி இந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம் என்று அங்கேயே தீர்மானம் போட்டேன்.

கடையில் வியாபாரம் படுத்துக் கிடந்தது. வாடகையை மட்டும் தவறவிட்டால் காலி செய்துவிட வேண்டியதுதான் என்று கடைச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். விளம்பரத்துக்காக ஆளுயர மூக்குக்கண்ணாடி வரைந்த பலகை ஒன்று செய்து வைத்திருந்தேன். அதை வீட்டு முகப்பில் மாட்டினால் பஸ்ஸுக்குப் போகிற அத்தனை பேர் கண்ணிலும் படும். மனைவிதான் சட்டம் சட்டம் என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தூங்க வைத்திருந்தாள். துண்டு புளுகு என்றால் பலகையும் புளுகுதானே? ஏணியைப் போட்டேன். டிரில்லரை எடுத்தேன். கல்வளைவில் நாலு ஓட்டை போட்டுப் பலகையை மாட்டினேன்.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க? முகப்புல ஓட்டை போட்டா அபராதம்."

"துண்டு, குறட்டை, எங்க அண்ணன் எல்லாக் கதையும் வெளியே வந்தாச்சு. உன் சட்டம் இனிமே இங்க செல்லாது."

"அது வேற, இது வேறங்க. இது நிஜமாவே இருக்கு."

"இருந்தா வந்து பிடிக்கச் சொல்லு."

"சொல்லட்டுமா?"

"தாராளமா."

அவள் உள்ளே போய்விட்டாள். தோற்றுப்போய்விட்டாள் என்று நினைத்து ஏணி மேலேயே ஒரு சிகரெட் பற்றவைத்தேன்.

மறுநாள் காலையில் நெற்றியில் கண்ணாடியைத் தூக்கி வைத்த ஒரு பெண் அதிகாரி அளவு டேப்போடு வாசலில் நின்றார். பாரம்பரியக் கட்டடத் துறை என்று அடையாள அட்டையைக் காட்டினார். பலகையை இறக்கச் சொன்னார். ஓட்டைகளை அளந்தார்.

"யார் போட்டது?"

மனைவி என்னைப் பார்த்தாள். தையல்காரரும் பால்கனியிலிருந்து என்னைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன்.

தொகையைச் சொன்னார். என் கடையின் மூன்று மாத வாடகை.

"கட்டலேன்னா என்ன மேடம் ஆகும்?"

"கோர்ட்டுக்குப் போகும்."

அப்படியே சாய்ந்தேன்.

"சார், சுவர்ல சாயாதீங்க" என்றார் அதிகாரி.

கட்டினால் கடை போய்விடும். கட்டாவிட்டால் மானம் போய்விடும். எது முதலில் போகும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே போனாள். பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். திரும்பப் போய் இன்னொரு டப்பா கொண்டுவந்தாள். அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றையும் மேஜைமேல் கவிழ்த்தாள். என் துண்டும் குறட்டையும் அண்ணனும் அங்கே குவியலாகக் கிடந்தார்கள். அபராதத்தைக் கட்டிய பிறகும் மிச்சம் இருந்தது. அதை என் கையில் வைத்து, "இந்த மாசக் கடை வாடகை" என்றாள்.

அதிகாரி ரசீது கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷமா நீ இதுல ஒரு காசுகூட எடுக்கலையா?"

"எனக்கு எதுக்குங்க? உங்களுக்கு என்னைக்காவது ஒருநாள் பெரிய அபராதம் வரும்னு கல்யாணமான வாரமே தெரிஞ்சுபோச்சு. அதைத்தான் தவணையா வாங்கி வெச்சேன்."

"அது சரி, பலகை மாட்டி ஒரு ராத்திரிதானே ஆச்சு. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் போன் பண்ணேன். நீங்கதானே தாராளமா சொல்லுன்னீங்க?"

"அடிப்பாவி."

"அவங்களா கண்டுபிடிச்சிருந்தா பெரிய மீறல், இதுல நாலு மடங்கு. வீட்டுச் சொந்தக்காரங்களே சொல்லிட்டா சின்ன மீறல். அந்த மேடம் நம்ம லைப்ரரிக்கு வர்றவங்கதான், அவங்ககிட்ட விசாரிச்சுட்டுத்தான் சொன்னேன்."

காட்டிக்கொடுத்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்ன புருஷன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. இன்றைக்கு என் கடை திறந்திருக்கிறது என்றால் அவளால்தான். ஆனால் காலியாகக் கிடந்த டப்பாக்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. என்னைப் பற்றி எனக்கும் தெரியுமே.

"பழையபடியே வசூல் பண்ணும்மா" என்றேன்.

"எதுக்கு, துண்டுக்கா?"

"எல்லாத்துக்கும்தான். அண்ணன் வந்தா அதுக்கும்."

"பொய்னு தெரிஞ்சுகூட கட்டுவீங்களா?"

"சந்தோஷமா கட்டறேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். விண்ணப்பமாக எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்பதாகச் சொன்னாள். நன்றி பொங்க எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினேன்.

விண்ணப்பக் கட்டணம் தனி என்றாள்.