துளசிங்கத்தின் தாடையும் இரண்டு கத்திகளும்

இனி தன் முகத்தில் அடுத்தவன் கை படக்கூடாது என்று துளசிங்கம் தீர்மானம் செய்தான்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரன் கொடி பறந்த காலம் அது. கோட்டைக்கு யார் எசமான் என்று ஊருக்கே தெரியும். துளசிங்கத்தின் குடிசைக்கு யார் எசமான் என்பதும் ஊருக்கே தெரிந்திருந்தது. அதுதான் அவனுக்கு வருத்தம்.

எல்லாம் பொன்னுரங்கத்தால் வந்தது. குப்பத்து ஆண்களுக்கெல்லாம் அவன்தான் சவரம் செய்வான். கன்னத்தில் தண்ணீர் பட்டால் போதும், துளசிங்கத்துக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். "மச்சான் சிங்காரத்த என் படகுல ஏத்தவே மாட்டேன். அவன் மீனுக்கே கதை சொல்லித் தூங்கவைப்பான்" என்று போன சவரத்தில் உளறிவிட்டான். கன்னத்து ஈரம் காய்வதற்குள் அது பெண்டாட்டி இருசம்மாள் காதுக்குப் போய்விட்டது. சிங்காரம் அவளுக்கு ஒரே தம்பி. அன்றிலிருந்து புருஷனுக்கு மீன் குழம்பில் முள் மட்டும்தான் விழுந்தது.

ஆகவே சொந்தக் கத்தி! கோட்டைக்கு வெளியே மரக்காயர் கடையில் இரண்டு கத்திகளை எடுத்தான். "வழிச்சிப் பாத்து ஒண்ண வச்சிக்கறேன்" என்று கருவாட்டுக் கூடையை ஈடு வைத்துவிட்டு வந்தான். ஒன்று உள்ளூர்க் கொல்லன் அடித்தது. கட்டையாக, கனமாக, விறகு பிளக்கலாம் போலிருந்தது. மற்றது ஒல்லாந்துக் கத்தி. எலும்புப் பிடிக்குள் மடங்கும். முறைத்துப் பார்த்தாலே வெட்டிவிடும் போல அவ்வளவு மெலிசு.

"இன்னாய்யா அது?" என்றாள் இருசம்மாள்.

"கத்தி!"

"அத ஏன் கத்தி சொல்ற? மெதுவாவே சொல்லு."

"சவரக்கத்திமே! இனிமே நானே வழிச்சிக்குவேன்."

"பொன்னுரங்கம் அண்ணன் இன்னா பண்ணிச்சு?"

"அதுக்குக் கத்தியவிட வாய் கூர்மே!"

இருசம்மாள் சிரிப்பை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். "சரி, ரெண்டுல எது?"

"என் மூஞ்சி. நான்தான் முடிவு பண்ணுவேன்."

வாசலில் பானைத் தண்ணீரில் முகம் பார்த்தபடி உட்கார்ந்தான். காற்று அடித்தது. மூக்கு இருந்த இடத்துக்குக் காது வந்தது. கொல்லன் கத்தியை இழுத்தான். கிளிஞ்சல் மேட்டில் வலையை இழுப்பது போல் கரகரவென்றது. கண்ணில் நீர் முட்ட அதை வைத்துவிட்டு ஒல்லாந்துக் கத்தியை விரித்தான். அது விரலிலேயே மடங்கியது.

"ஐயோ!"

"குடு இப்படி" என்று பிடுங்கினாள் இருசம்மாள். "தெனம் கூடை கூடையா மீன் ஆயறவ நான்." இரண்டையும் நகத்தில் உரசிப் பார்த்தாள். ஒல்லாந்துக் கத்தியை எடுத்தாள். "இதுதான். மெலிசா இருந்தாத்தான் சொன்னபடி கேக்கும்."

கத்தி கன்னத்தில் வெண்ணெயாக வழுக்கியது. இத்தனை நாள் இந்தச் சுகம் தெரியாமல் போயிற்றே என்று துளசிங்கம் சொக்கிப்போனான். கத்தி மெல்லக் கழுத்துக்கு இறங்கியது.

"தலைய ஆட்டாத. அறுத்துக்கும்."

ஆட்டவில்லை.

"வாயத் தொறக்காத. தொண்டை ஏறி எறங்குது."

திறக்கவில்லை.

"நாளையிலேருந்து நம்ம சிங்காரம் உன் படகுல வரட்டும். இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடு."

துளசிங்கம் கண்ணை உருட்டினான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே. இருசம்மாள் தாடையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"ஒரு வார்த்த மறுத்துப் பேசலியே! தங்கமான மனுசன்யா நீ" என்று கத்தியைக் கழுவினாள்.

துளசிங்கம் மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

"இரு, மீசை பாக்கி இருக்கு" என்று கத்தியை மறுபடி விரித்தாள். "அது வேணுமா, வேணாமா?"

துளசிங்கம் வாயை மூடினான். கொஞ்சம் யோசித்தான். மறுபடி திறந்தான்.

"மச்சானுக்குத் துடுப்பு பெருசா வேணுமா, சிறுசா வேணுமா?"