தட்டு விழுவதற்கு முன்னால்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் கேமராவும் சௌக்கியம். உங்கள் அத்தையின் சௌக்கியத்தை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முந்தாநாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

எல்லாம் அந்தக் கேமராவால் வந்த வினை. என் பாத்திரக் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தட்டு விழுந்தாலும் உடையாது என்று வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? அது விழுந்து, துள்ளி, முழுசாக நிற்பதை மெதுவாக ஓடும் படமாகக் காட்டினால் கூட்டம் அள்ளும் என்று ஆசை காட்டியது நீங்கள்தான். நொடிக்கு ஆயிரம் படம் பிடிக்கும், அதனால் வெளிச்சம் நிறைய வேண்டும் என்றீர்கள். வீட்டு டியூப்லைட்டில் எடுத்துப் பார்த்தேன், படம் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. சரியென்று மேடை விளக்குக்காரரைக் கெஞ்சி இரண்டு ராட்சத விளக்குகளைக் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தி, உங்கள் அத்தையை ஸ்டூல் மேல் ஏற்றி, கையில் தட்டைக் கொடுத்தேன். சூட்டில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. "இன்னும் மேல தூக்கு, அவ்ளோ வேணாம், சாயாத" என்று நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். "தட்டு விழறதுக்குள்ள நான் விழுந்துடுவேன் போல" என்றாள். நான் குனிந்து, பட்டனைத் தேடிப் பிடித்து அமுக்கிவிட்டு, "இப்பப் போடு!" என்றேன். போட்டாள். தட்டு உடையவில்லை. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

"நடந்து முடிஞ்ச பிறகு பட்டனை அமுக்குங்க மாமா, அதுக்கு முந்தின சில நொடியத்தான் கேமரா எடுத்து வச்சுக்கும்" என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னது உண்மை. ஆனால் முடிந்த வேலையை ஆரம்பிக்கச் சொன்னால் மனுஷன் புத்தியில் ஏற வேண்டாமா? ஆக, படத்தில் தட்டு விழவே இல்லை. நான் பட்டனைத் தேடிக் குனிந்திருந்த நேரம்தான் இருந்தது. உங்கள் அத்தையின் கண்கள் மெல்ல மேலே போகின்றன. உதடு ஒரு பக்கம் கோணுகிறது. அப்புறம் தட்டில்லாத அந்தக் கை கிளம்புகிறது, மாப்பிள்ளை. கிளம்புகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் வந்து சேரவில்லை. கடைசியில் தலையில் அடித்துக்கொண்டாள்! அங்கேயே நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பார்க்கத் தெம்பில்லை.

கல்யாணமான நாளிலிருந்து நான் குனியும்போதெல்லாம் இதுதான் நடந்திருக்கிறதா? மனசு விட்டுப்போயிற்று. நேரே போய்க் கேட்டேன். "கண்ணுக்குத் தெரியாதத மெஷின் வச்சுப் பாக்கற ஆளோட எனக்கென்ன பேச்சு?" என்றாள். அத்தோடு சரி. சாப்பாட்டை, அதுவும் அந்த உடையாத தட்டில், போட்டு மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

ஆகவே கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து இந்தக் கேமராவை எடுத்துப் போய்விடுங்கள். இதை வைத்துக்கொண்டு நாங்கள் குடித்தனம் நடத்த முடியாது. நீங்களும் என் மகளும் ஒருவரை ஒருவர் சாதாரண வேகத்திலேயே பார்த்துக்கொண்டு பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
நொந்துபோன மாமனார்

பி.கு.: கவரை ஒட்டும் முன் வயிற்றெரிச்சலில் இன்னொரு தடவை படத்தைப் போட்டேன். இந்தத் தடவை நிறுத்தவில்லை. கை நெற்றியிலிருந்து மெதுவாக இறங்குகிறது. கைக்குப் பின்னால் முகம் தெரிகிறது. சிரிக்கிறாள், மாப்பிள்ளை! குனிந்திருக்கிற என்னைப் பார்த்துத்தான். நிஜத்தில் கண் இமைக்கும் நேரம்கூட இருந்திருக்காது. நான் எங்கே பார்த்தேன்? கேமராவுக்காக இப்போது வர வேண்டாம். சமையலறை வாசலைப் பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன். கேட்டு முடித்த பிறகுதான் பட்டனை அமுக்குவேன்.