கம்பிக்குப் பாதிக் காசு

பொன்னுத்துரை மாமியாரிடம் பேசி மூன்று வருஷம் ஆகிறது. சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கி மண்டபம் முகாமில் வரிசையில் நின்றபோது, "மருமகன் என்ன வேலை?" என்று கேட்ட அதிகாரியிடம் மருதாம்பாள் கிழவி, "சாப்பாட்டு வேலைங்க" என்று சொல்லிவிட்டாள். வரிசையே சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய். இப்போது சேரம்பாடித் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில், இந்தக் கோடிக் காம்பரா அறையில் அவன், அந்தக் கோடியில் அவள். எதிரே வந்தால் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டே போவான். செத்தாலும் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் வேறு.

இருப்புக் கொள்ளாத அந்த மனுஷனுக்கு ரேடியோ ஆசை வந்தது. ரெண்டு ஆட்டை விற்ற காசு பெண்டாட்டி தெய்வம்மாவின் முந்தானையில் இருந்தது.

"பாதிக் காசு செட்டுக்கு. பாதி கம்பிக்கு," என்றான்.

"என்னாது, கம்பிக்குப் பாதியா? கம்பியா பாடப் போவுது?"

"ஒனக்கு என்னா தெரியும்? கூடலூர் மெக்கானிக்கு சொன்னாரு. கம்பிதான் உசுராம். அசல் செம்புக் கம்பி போட்டா எம்புட்டு தூரம் போனாலும் பாட்டு கெடாது."

"எம்புட்டு தூரம்னாலும்?"

"இந்த லயத்து நீளம் போனாலும்!"

தெய்வம்மா கொழுந்துக் கூடையைக் கீழே வைத்தாள். லயத்தின் அந்தக் கோடியை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "சரிங்க. அப்ப நீளமாவே வாங்குங்க," என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புத்தி ஏற்கெனவே கூடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டதால் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செட்டோடும், தனி ஸ்பீக்கர் பெட்டியோடும், தோளில் மலைப்பாம்பு மாதிரி ஒரு கம்பிச் சுருளோடும் வந்து சேர்ந்தான். பக்கத்துக் காம்பரா சங்கிலி வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"என்னா பொன்னு, கம்பி நீட்டப் போறியா?"

"நீட்டத்தான் போறேன். ஓடிற மாட்டேன், பயப்படாத!"

செட்டைத் திருகினான். கொர்ர்ர். கூரைமேல் ஏறி ஏரியல் கட்டினான். கொர்ர்ர். இறங்கினான், ஏறினான், செட்டை ஜன்னலில் வைத்தான், அடுப்படியில் வைத்தான், கடைசியில் தன் தலையிலேயே வைத்தான். இலங்கை வானொலி வரவில்லை. வடைச் சட்டிச் சத்தம்தான் வந்தது.

"நம்ம காம்பரா மேட்டுக்கு அடியில கெடக்கு. இங்க எடுக்காது," என்றாள் தெய்வம்மா. "அம்மா காம்பராவுல கணீர்னு எடுக்கும்."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"போன மாசமே சங்கிலி அண்ணன் செட்ட ரெண்டு எடத்துலயும் வச்சுப் பாத்துட்டேன்."

"அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்!"

"நீங்க எதுக்கு மிதிக்கிறீங்க? செட்டு மட்டும் போகட்டும். கம்பி வழியா பாட்டு இங்க வரட்டும். லயத்து நீளத்துக்கும் கெடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சாயங்காலத்துக்குள் செட்டு கிழவியின் காம்பராவிலும், ஸ்பீக்கர் இவன் தலைமாட்டிலும் இருந்தன. பாட்டு வந்தது. சிலோனில் அட்டன் தோட்டத்தில் கேட்ட அதே பாட்டு. பொன்னுத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது.

பாதியில் டக். நெற்பயிரில் பூச்சி விழுவதைப் பற்றி ஒருவர் பேசினார். டக். மீன்பிடிப்போருக்கு வானிலை எச்சரிக்கை. இந்த மலையில் யார் மீன் பிடிக்கிறார்கள்? டக். மறுபடியும் பாட்டு, அதுவும் ஒரே ஒரு வரி. டக்.

திருகு மாமியார் கையில். அவனிடம் இருந்தது வெறும் பெட்டி. உட்கார்ந்தான், எழுந்தான், பெட்டியைத் தட்டினான், அதற்குள் வாயை வைத்துக் கத்தினான். "ஏ தெய்வம்மா!" என்றான். அவளும் அம்மா காம்பராவில்தான் இருந்தாள்.

மழையில் செருப்பில்லாமல் ஓடினான். வாசற்படியை மிதித்தது அவனுக்கே தெரியவில்லை.

"அத்தை! அந்தப் பாட்டையே விடுங்க, அத்தை!"

மூன்று வருஷத்து வாய் திறந்துவிட்டது. கிழவி திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். தெய்வம்மா மூன்றாவது கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"பாத்தியாம்மா? கம்பிக்குப் போட்ட காசு வீண் போகல. ஆளையே இழுத்துட்டு வந்துருச்சு."