கைப்பிடி போதாத ஸராந்திஸ்

கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லதுதானே என்று கணக்குப் போடும் ஓர் இனம் உலகமெங்கும் பரவிக் கிடக்கிறது. மருத்துவர் அரை மாத்திரை என்றால் முழுசாக இரண்டை விழுங்கும். எலுமிச்சைக்கு ஒரு பிடி உரம் என்றால் மூட்டையைக் கவிழ்த்து மரத்தைக் கருக்கிவிட்டு, உரம் போலி என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போகும். கிரேக்க நாட்டின் தெசாலி மலையடிவாரத்தில் கறவை வெள்ளாடுகள் வளர்க்கும் ஸராந்திஸ் இந்த இனத்தின் அசல் வித்து.

பால் கூட்டுறவுக் கூட்டத்தில் ஒரு தீவன நிபுணர் பேசினார். "தீவனத்துல சிறிதளவு கொழுப்பு சேர்த்தா பால் கெட்டிப்படும். ஆனா..." என்றார். அந்த நேரம் ஸராந்திஸ் வாசலைத் தாண்டியிருந்தார். இந்த இனத்துக்கு 'ஆனால்' என்ற சொல் மட்டும் காதில் விழுவதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தகர டின்னைத் தூக்கிப் பார்லித் தவிட்டின் மேல் ஆலிவ் எண்ணெயைக் குடகுடவென்று ஊற்றினார்.

மனைவி கலியோப்பி ஓடிவந்தாள். "ஐயோ, அது சமையலுக்கு வச்ச எண்ணெய்ங்க!"

"சும்மா இரு. கொழுப்பு உள்ளே போனா கொழுப்பு வெளியே வரும். அறிவியல்!"

"அப்படிப் பார்த்தா, உங்களுக்கு இருக்கிற கொழுப்புக்கு உங்களைத்தான் முதல்ல கறக்கணும்!"

அவர் கவலைப்படவில்லை. காப்பிக்கடைக்குப் போய், இந்த வருஷம் தன் பாலாடைக்கட்டியை வெட்டக் கத்தியே தேவைப்படாது, தானாக வழுக்கிக்கொண்டு வாய்க்குள் போய்விடும் என்று அறிவித்தார். பக்கத்துப் பட்டிக்காரர் ஸ்தெர்யோஸ் கண்ணடித்தார். "பார்த்து மச்சான், கறக்கும்போது ஆடே வழுக்கிட்டுப் போயிடப் போகுது!"

சில நாளில் ஆடுகள் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. உருண்டை உருண்டையாக விழவேண்டிய புழுக்கை களிம்பாய்க் கொழகொழத்தது. பால் பாதியாயிற்று. ஸராந்திஸ் என்ன முடிவுக்கு வந்தார் என்கிறீர்கள்? எண்ணெய் பத்தவில்லை! இன்னொரு டின்னைத் திறந்தார்.

மறுநாள் காலை மந்தையின் ராணி கெராஸியா எழுந்திருக்கவில்லை. அசை போடவுமில்லை. அவர் அதன் வயிற்றில் காதை வைத்தார். எப்போதும் இரையும் வயிறு கம்மென்று கிடந்தது. டின் கையிலிருந்து நழுவியது. "கெராஸியா, என் கண்ணு, எழுந்திரும்மா" என்று தொழுவத்திலேயே உட்கார்ந்து விசும்பினார்.

கால்நடை மருத்துவர் தியானோ வந்து பார்த்தாள். "மாமா, வைக்கோலை ஆடா செரிக்குது? வயித்துக்குள்ள இருக்கிற நுண்ணுயிருங்கதான் செரிக்குது. நீங்க அதுங்க தலைமேல எண்ணெயைக் கொட்டி மூச்சு முட்ட வச்சுட்டீங்க. எண்ணெயை நிறுத்துங்க. நல்ல காய்ந்த புல்லு மட்டும் போடுங்க. நோயில்லாத ஆட்டோட அசைக் கவளம் கொஞ்சம் கிடைச்சா, இதுக்குக் கரைச்சுப் புகட்டலாம்; அதுல இருக்கிற நுண்ணுயிருங்க இது வயித்துலயும் பெருகிடும்."

நோயில்லாத ஆடு ஸ்தெர்யோஸிடம்தான் இருந்தது. ஸராந்திஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றார்.

"என்ன மச்சான் வேணும்?"

"உன் ஆடு மென்னுக்கிட்டிருக்கே... அதுல கொஞ்சம்."

ஸ்தெர்யோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆட்டின் வாயைத் திறந்து, கவளத்தை வழித்தெடுத்துக் கொடுத்தார். அந்தப் பச்சைக் கொழகொழப்பை ஸராந்திஸ் பிரசாதம்போல இரு கைகளிலும் ஏந்தி ஓடினார்.

இரண்டொரு நாளில் கெராஸியாவின் தாடை அசைந்தது. அசை போட்டது! ஸராந்திஸ் கலியோப்பியைப் பிடித்துக்கொண்டு தொழுவத்திலேயே ஆடினார். ஆடி முடித்த கையோடு தியானோவைக் கூப்பிட்டார். "டாக்டரம்மா, இந்தக் கவளம் இவ்வளவு நல்லா கேட்குதே... எல்லா ஆட்டுக்கும் ஆளுக்கு ஒரு வாளி கொடுத்தா என்ன?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நிபுணர் அன்று சொல்லி முடித்தது இதுதான்: ஆட்டுக்கு ஒரு சின்னக் கைப்பிடி கொழுப்புத் தூள், அதற்கு மேல் கூடாது. இதைப் படித்தவுடனே 'ஒன்றரைக் கைப்பிடி போட்டால்தான் என்ன?' என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், தாராளமாக வாருங்கள். காப்பிக்கடையில் ஸராந்திஸுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.