ஒரு மணி நேரக் குதிரை

குதிரை சாப்பிடவில்லை.

முதல் நாள் பூவராகனுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். எது ஓடாமல் நின்றாலும் லாபம் என்றே அவருக்குத் தோன்றும். இரண்டாம் நாளும் கொள்ளு வாளியோடு அப்படியே கிடந்தபோதுதான் கணக்கு உதைத்தது. எலும்பும் தோலுமான குதிரையை அப்புறம் யார் தலையில் கட்டுவது?

விற்பதற்காகத்தான் வாங்கியிருந்தார். மகள் நிஷாவுக்கு ஐந்து வாரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை ஹேமநாத்துக்குப் புனேயில் வேலை.

"மாப்பிள்ளை அழைப்புக்கு அவர் குதிரையிலதான் வரணுமாம்ப்பா. அவங்க வீட்ல ரொம்ப ஆசைப்படறாங்க" என்று நிஷா ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

வாடகை விசாரித்தார். ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்தாயிரம் என்றார்கள். அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. நிஷாவே எங்கோ விசாரித்து, கோவளம் கடற்கரையில் குதிரை ஓட்டும் முனிரத்தினத்தின் நம்பரைக் கொடுத்தாள். அவரிடம் பவுனு என்றொரு பெண் குதிரை இருந்தது. விலை பதினெட்டாயிரம்.

மூவாயிரம் கூடப் போட்டால் முழுக் குதிரை! கல்யாணம் முடிந்ததும் அதே விலைக்குத் தள்ளிவிட்டால் மாப்பிள்ளை அழைப்பே ஓசி. இரும்புலியூர் வீட்டில் கார் ஷெட் வேறு காலியாகக் கிடந்தது. கார் வாங்கலாம் என்று அடம்பிடித்து அதைக் கட்டவைத்தவள் அவர் மனைவி அங்காளம்மா. கார் வரவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளும் போய்விட்டாள்.

வாளி தொடாமல் கிடப்பதைச் சொல்ல முனிரத்தினத்துக்குப் போன் போட்டார்.

"இன்னா சார், பவுனு பீச்சுல வளந்த கொயந்த. சுத்தி ஜனம் பேசிகினே இருக்கும். பேச்சுக்குரல் கேட்டாதான் துன்னும்."

"டிவி போட்டு விடட்டுமா?"

"போடுங்க. கரண்டுதான் இழுக்கும்."

பூவராகன் உடனே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

குதிரையிடம் என்ன பேசுவது? அங்காளம்மா போனதிலிருந்து மனுஷர்களிடமே அவர் பேசுவதில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

"முதல் நூறு யூனிட் ஃப்ரீம்மா. அதுக்கு மேல போனா கட்டணும்."

பவுனு ஒரு வாய் எடுத்தது. ஐந்நூறு யூனிட்டுக்கு வரும்போது வாளி காலி.

அன்று பிடித்தது சனி. பேச்சு ருசிக்க ருசிக்க அதற்குப் பசியும் கூடியது. கொள்ளு, தவிடு, கூடுவாஞ்சேரியிலிருந்து ஆட்டோவில் புல்லுக்கட்டு. தின்றதில் வயிறு உப்பிக்கொண்டது. மாட்டு டாக்டர் வந்து மருந்தும் எழுதி, பீஸும் வாங்கிக்கொண்டு, "டெய்லி ரெண்டு மணி நேரம் நடக்க வைங்க சார்" என்றார். ராஜகீழ்ப்பாக்கம் வரை போய் வந்ததில் லாடம் தேய்ந்தது. லாடம் அடிப்பவர் தன் ஆட்டோ கூலியையும் சேர்த்தே கேட்டார். திரும்பும் வழியில் பக்கத்து வீட்டு சத்யநாராயணனின் செம்பருத்தியைப் பவுனு மொட்டையடித்தது. பதிலுக்கு இரண்டு தொட்டிச் செடி வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார்.

"உள்ள வாங்க சார், காபி சாப்பிடலாம். உங்க குரலைக் கேட்டே ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் சத்யநாராயணன். அன்றிலிருந்து நடைக்கு அவரும் கூட வந்தார்.

"மொத்தம் எவ்வளவுப்பா ஆச்சு?" என்று நிஷா கேட்டாள்.

"நாப்பதைத் தாண்டிடுச்சு. உன் வீட்டுக்காரரோட ஒரு மணி நேரத்துக்கு!"

நிஷா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்து அவருக்குக் கோபம் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. இன்னும் பத்து நாளில் இவளும் இந்த வீட்டில் இருக்கமாட்டாள்.

அன்று சாயங்காலம் யூனிட் கணக்கெல்லாம் தீர்ந்துபோய், ஷெட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். பவுனு வாளியைத் தொடாமல் அவரையே பார்த்தது.

"கார் வாங்கியிருக்கலாம்மா" என்றார் அதனிடம். "காசு இருந்தது. அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன்." வாளியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

மாப்பிள்ளை அழைப்பன்று ஹேமநாத்துக்குக் குதிரையைப் பார்த்ததுமே வேர்த்துக் கொட்டியது.

"மாமா, உங்க ஆசைக்காகத்தான் ஏறுறேன்."

"என் ஆசையா?" என்று கேட்பதற்குள் பேண்டு செட்டு முழங்கிவிட்டது. ஐம்பது அடிகூடப் போயிருக்காது, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டே இறங்கிவிட்டார் மாப்பிள்ளை. மண்டபம் வரை நடந்தே வந்தார். பூவராகன் மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். ஐம்பது அடிக்கு நாற்பதாயிரம்!

மூன்றாம் நாள் நிஷா விமானம் ஏறினாள். "வேளாவேளைக்குச் சாப்பிடுப்பா" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்தார். அவள் செருப்பு வைக்கும் இடம் காலியாக இருந்தது. அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றவில்லை. ஷெட்டிலிருந்து பவுனு கனைத்தது. நேரமாகிவிட்டது என்று அர்த்தம். வாளியோடு போய் உட்கார்ந்தார். அது தின்பதைப் பார்த்துக்கொண்டே தானும் இரண்டு வாழைப்பழத்தை உரித்துத் தின்றார்.

ஆனாலும் கணக்கு கணக்குதான். மறுநாள் முனிரத்தினத்தை வரச் சொன்னார். அவர் வந்து பவுனின் நெற்றியைத் தடவினார். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

"பதினெட்டுக்கே எடுத்துக்கோப்பா. தீனிச் செலவெல்லாம் என் தலையெழுத்து."

முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். "சொல்லக் கூடாதுன்னுதான் சார் சத்தியம் வாங்கிச்சு. இது முப்பத்தெட்டாயிரம் ரூபா குதுர. மாப்ள வூட்ல யாரும் குதுர கேக்கவே இல்ல. மேல இருபதாயிரத்தை உங்க பொண்ணுதான் குடுத்துது. 'நான் போய்ட்டா அப்பா யார்கிட்டயும் பேசமாட்டாருண்ணா, சாப்பிடவும் மாட்டாரு. தொணைக்குன்னு எது வாங்கிக் குடுத்தாலும் வேணாம்பாரு. ஆனா காசு போட்டு வாங்கினதை மட்டும் பட்டினி போடமாட்டாரு'ன்னு சொல்லிச்சு சார்."